பழைய கார் வாங்கியிருக்கிறேன். இன்ஜின் ஆயில் அளவை நானே பார்ப்பது எப்படி? குறைந்திருந்தால் நானே ஊற்றலாமா?

தாராளமாக ஊற்றலாம். பார்க்க இரண்டு நிமிடம், ஊற்றப் பத்து நிமிடம். ஒரு பழைய பனியனும் ஒரு புனலும் இருந்தால் போதும். இதற்காக மெக்கானிக்கிடம் போக வேண்டியதில்லை. இவ்வளவு சுலபமான வேலையை நான் கற்றுக்கொண்டது மட்டும் ஏற்காடு போகும் வழியில், வயிறு கலங்கிய பிறகுதான்.

நான்கு வருடத்துக்கு முன் 2011 மாடல் சின்ன பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். மீட்டர் 78,000 கிலோமீட்டர் காட்டியது. விற்றவர் "போன மாசம்தாங்க ஆயில் மாத்தினேன்" என்று சொல்லி பில்லையும் கையில் கொடுத்தார். பில் இருந்த தைரியத்தில் மூன்று மாதம் பானெட்டைத் திறக்கவே இல்லை. சேலத்துக்குள் கடை, பள்ளிக்கூடம், மாமனார் வீடு என்று இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம்.

அந்தப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் தாண்டியிருப்போம். ஒரு வளைவில் முழுதாக ஒடித்துத் திருப்பும்போது பக்கத்திலிருந்த மனைவி, "ஏங்க, அங்க செவப்பா ஏதோ எரிஞ்சு அணைஞ்சுதே, பாத்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை. அடுத்த வளைவில் நானும் பார்த்தேன். அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு படம், அதன் மூக்கில் ஒரு சொட்டு. ஒரு வினாடி எரிந்து அணைந்தது.

கொஞ்சம் சமமாக இருந்த இடத்தில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் கோலான டிப்ஸ்டிக்கை உருவினேன். நுனியில்கூட ஈரமில்லை. அங்கே நின்றிருந்த சுற்றுலா வேன் டிரைவர் எட்டிப் பார்த்து, "ஆயிலே இல்லீங்களே சார்" என்று சொல்லிவிட்டு, தன் வண்டியிலிருந்து பிரிக்காத ஒரு லிட்டர் டப்பாவை எடுத்துவந்தார். டீசல் வண்டிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 (ஆயிலின் தடிப்பைச் சொல்லும் எண், விளக்கம் பின்னால் வருகிறது). என் வண்டிக்குச் சொல்லப்பட்டது 5டபிள்யூ-30. அந்த நேரத்தில் அதெல்லாம் பார்க்கவில்லை, பார்க்கவும் தேவையில்லை. பாதியை ஊற்றியதும் கோலின் நுனி நனைந்தது. மீதியையும் ஊற்றிய பிறகு குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்க்குறிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. ஏற்காட்டை மறந்துவிட்டு மெதுவாக இறங்கி வந்துவிட்டோம்.

மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் மொத்த ஆயிலையும் இறக்கி அளந்தார். "ரெண்டே கால் லிட்டர்தான் வந்துச்சு தம்பி. அதுல ஒரு லிட்டர் வேன்காரரு ஊத்துனது." மூன்று லிட்டர் இருக்க வேண்டிய இன்ஜின் ஒன்றே கால் லிட்டரில் மலை ஏறியிருக்கிறது.

அந்த விளக்கு வளைவில் மட்டும் ஏன் எரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது ஆயிலின் அளவைக் காட்டும் விளக்கு இல்லை, அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. இன்ஜினுக்கு அடியில் ஆயில் சேம்பர் இருக்கிறது. அதற்குள்ளிருந்து ஆயிலை உறிஞ்ச ஒரு குழாய், அதன் வாயில் சல்லடை. சேம்பரில் ஆயில் மிகவும் குறைந்துவிட்டால், வண்டி திரும்பும்போது இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். அழுத்தம் விழும், விளக்கு எரியும். வண்டி நேரானதும் அணைந்துவிடும். எனவே "சிவப்பு விளக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்காதீர்கள். அது வரும்போது காலம் கடந்திருக்கும். நேரான சாலையிலேயே எரிந்தால் வீடு பக்கம்தானே என்று ஓட்டாதீர்கள், அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். பேரிங் பிடித்துக்கொண்டால் கார் வாங்கிய விலையில் பாதியை இன்ஜின் வேலையே தின்றுவிடும்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு இன்னொன்று: சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், அந்த விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கலாம், யாராவது கழற்றியும் இருக்கலாம்.

சரி, பார்க்கும் விதம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். வீட்டு வாசல் சரிவில் பார்த்தால் கணக்கு தப்பும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்ப்பது எனக்கு வசதி, ஏனென்றால் இரவெல்லாம் ஆயில் வடிந்து கீழே வந்திருக்கும். சில கார்களின் கையேட்டில் சூடான இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அப்படியானால் அதையே செய்யுங்கள். எந்த முறையானாலும் ஒவ்வொரு முறையும் அதே முறையில் பாருங்கள். இன்றைக்குக் குளிர்ந்தபோது, அடுத்த வாரம் சூட்டில் என்று மாற்றினால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

டிப்ஸ்டிக்கின் பிடி பெரும்பாலும் மஞ்சளிலோ ஆரஞ்சிலோ ஒரு வளையமாக இருக்கும். உருவித் துடைத்து, மறுபடி கடைசிவரை செருகி, எடுத்துப் பாருங்கள். முதல் முறை எடுத்ததை நம்ப வேண்டாம். ஓடும்போது தெறித்த ஆயில் குழாய் முழுக்க ஒட்டியிருக்கும். துடைக்க நூல் நூலாகப் பிரியும் காட்டன் வேஸ்ட் வேண்டாம். பழைய பனியன் துணி நல்லது. கோலின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள், சில நேரம் ஒரு பக்கம் உயரமாகக் காட்டும். குறைவாகக் காட்டும் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையில் இருந்தால் ஓட்டலாம். பல கார்களில் இந்த இரண்டு குறிகளுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு லிட்டர், சின்ன கார்களில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சில புதிய ரகக் கார்களில் கோலே கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் பார்ப்பதால் பழைய காரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்பதுதான் தெரிய வேண்டும். நான் டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக்குப் பிறகு புது ஆயில் ஊற்றி மேல்குறி வரை நிரப்பியதிலிருந்து, மீட்டர் எண்ணும் இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நின்ற உயரமும் அதில் இப்படி இருக்கும்: "81,400 – முக்கால். 82,500 – பாதி. 83,300 – கால், 300 மி.லி. ஊற்றினேன்." அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய கால் லிட்டர். இது அதிகமா என்று அண்ணனிடம் கேட்டேன். "வயசான வண்டி தம்பி, கொஞ்சம் குடிக்கும்" என்றார். சில தயாரிப்பாளர்களின் கையேட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைகூட ஏற்கத்தக்கது என்று எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது தாராளமான கணக்கு. அரை லிட்டரைத் தாண்டினாலே நான் காரணம் தேடுவேன். முன்பு முந்நூறு கேட்ட வண்டி திடீரென்று அறுநூறு கேட்டாலும் அப்படித்தான்.

காரணம் இரண்டு வகை. ஒழுகுகிறது, அல்லது எரிகிறது. ஒழுகலைக் கண்டுபிடிக்க இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள், காலையில் சொட்டு தெரியும். என் வண்டியில், ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கு முந்தைய முறை பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் போனதில் பெரும்பங்கு அந்த வழியாகத்தான். மாற்ற ஆன செலவு ஒரு டீ, பஜ்ஜி காசு. டேப்பெட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர், கிராங்க் ஆயில் சீல் ஆகியவையும் வழக்கமாக ஒழுகும் இடங்கள். எரிகிறது என்றால் புகை நீலமாக வரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகம். ரிங் என்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும், அதனால் ஒரே ஒருவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எந்த ஆயில் என்பதற்கு கையேட்டைப் பாருங்கள். ஊற்றும் மூடியிலேயே பல கார்களில் அச்சடித்திருப்பார்கள். 5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது, டபிள்யூ என்பது 'வின்டர்', அதாவது குளிர்காலம். இரண்டாவது எண் சூடான இன்ஜினில் அதன் தடிப்பு. "நம்ம ஊர் வெயிலுக்குத் தடியான ஆயில்தான் சார் சரி" என்று கடையில் சொல்வார்கள். வெளியே வெயில் எப்படி இருந்தாலும், சூடேறிய பிறகு கூலன்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சுமார் 90 டிகிரியில் வைத்திருக்க தெர்மோஸ்டாட் இருக்கிறது, அதனால் வெயிலை மட்டும் வைத்து ஆயிலின் தடிப்பை முடிவு செய்ய வேண்டியதில்லை. கையேடு அனுமதித்தால் மாற்றுங்கள், கடைக்காரர் சொன்னார் என்பதற்காக வேண்டாம். கூடவே ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரமும் பார்க்க வேண்டும். பெட்ரோலுக்கு எஸ்என், எஸ்பி என்று எஸ்ஸில் தொடங்கும், டீசலுக்கு சி. அடுத்த எழுத்து பிந்தியதாக இருந்தால் புதிய தரம். அவசரத்துக்கு வேறு கம்பெனி, வேறு தடிப்பு ஆயிலைக் கலப்பதில் ஆபத்து இல்லை. தரச் சான்று பெற்ற இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் தயாராகின்றன. ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட எந்த இன்ஜின் ஆயிலும் மேல். ஆனால் காரில் மிஞ்சியதை பைக்கில் ஊற்றிவிடாதீர்கள், கிளட்ச் நழுவலாம்.

ஊற்றும்போது செய்யும் பெரிய தப்பு, லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்ப்பது. இருநூறு மி.லி. ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, கோலைப் பாருங்கள். டப்பாவின் பக்கவாட்டில் அளவுக்கோடு இருக்கும். புனல் இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிக்கொள்ளலாம், உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இருக்கக் கூடாது. டப்பாவின் வாய் ஒரு ஓரமாக இருக்கிறதல்லவா, அந்த ஓரம் மேல்பக்கம் வரும்படி பிடித்துச் சாய்த்தால் 'குளுக் குளுக்' என்று குதிக்காமல் நூல் மாதிரி இறங்கும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, சைலன்சர் குழாய் மேல் கொட்டி வீடு முழுக்கப் புகை வந்த பிறகு நானாகக் கண்டுபிடித்தது. முடிந்ததும் மூடியை இறுக்குங்கள், துணியை உள்ளே விட்டுவிடாதீர்கள்.

மேல்குறியைத் தாண்டக் கூடாது. நான் முக்காலோடு நிறுத்திவிடுவேன். அதிகமானால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையை பம்ப் சரியாகத் தள்ளாது. மிச்சம் காற்றுக் குழாய் வழியே இன்ஜினுக்குள் போய் எரிந்து புகையும், சீல்களும் கசியத் தொடங்கும். கூடிவிட்டால் டிப்ஸ்டிக் குழாயில் மெல்லிய டியூப் விட்டு சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம்.

நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், குறைவதைவிட அதுதான் கவலைப்பட வேண்டியது. கூலன்டோ பெட்ரோலோ உள்ளே இறங்கிக்கொண்டிருக்கலாம். கோலில் ஆயில் பால் ஊற்றிய டீ போல இருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலான அடைப்பு) சந்தேகம், ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கே ஓட்டும் வண்டியில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்படலம் இருந்தால் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி என்றால், புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யும் ஓட்டம் பாதியில் நின்று நின்று, டீசல் ஆயிலில் கலப்பதாலும் அளவு ஏறும். வெறும் கறுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும்.

கடைசியாக, டிக்கியில் ஒரு லிட்டர் எப்போதும் இருக்கட்டும். நம்பகமான கடையில், சீல் பார்த்து வாங்குங்கள். அது காலியானதும் டப்பாவில் கத்தியால் ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கிப் போடுங்கள். முழு டப்பாவாக விட்டால், அதில் எதையாவது நிரப்பி யாருக்காவது விற்றுவிடுவார்கள்.