பிசியோதெரபிஸ்ட் எழுத்தாளர் ஆவது எப்படி?

பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சி, கைச்சிகிச்சை மூலம் வலியைக் குறைப்பவர்) ஒருவர் நூலாசிரியராக வளரும் பாதை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி. அந்நாட்டின் டுனெடின் நகரில் பிசியோதெரபி படித்து 1952இல் தேறினார். அடுத்த ஆண்டே வெலிங்டனில் சொந்தக் கிளினிக். ஆனால் பெரிய பாடம் 1956இல்தான் கிடைத்தது. கால்வலி குறையாத ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்து கிடந்தது. சில நிமிடம் கழித்து மெக்கன்சி பதறிப்போய் வந்து பார்த்தால், காலில் வலியே இல்லை! அதைத் தற்செயல் என்று விடாமல் மற்றவர்களிடமும் பொறுமையாகச் சோதித்தார். அப்புறம்தான் எழுத்து: 1980இல் நோயாளிகளுக்கான எளிய கையேடு, 1981இல் சிகிச்சையாளர்களுக்கான பாடநூல். வலியோடு இருப்பவருக்கு முதலில் எழுதினார் பாருங்கள், அதற்காகவே அவரை மதிக்கிறேன்.