வாசகர் கேள்வி – பதில்: வெட்டிய பட்டும் கோத்த முத்தும்

கேள்வி: கீழக்கரையில் தையற்கடை வைத்திருக்கிறேன். மறுமலர்ச்சிக்கால ஐரோப்பிய ஓவியங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை என் மகள் காட்டினாள். அரசர்களின் சட்டைக் கைகளில் பிளேடால் கீறியதுபோல வரிசையாகக் கிழிசல்கள். உள்ளிருந்து வெள்ளைத் துணி பிதுங்குகிறது. நல்ல பட்டை ஏன் ஐயா இப்படி வெட்டினார்கள்?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: வெட்டிப் பாழாக்கும் அளவுக்கு வசதி உள்ளவர் என்று ஊருக்குக் காட்டத்தான், அம்மா. 1476-இல் பர்கண்டிப் பிரபுவின் படையை முறியடித்த சுவிஸ் வீரர்கள், அவருடைய படைமுகாமில் கொள்ளையடித்த பட்டைத் தங்கள் கிழிந்த உடைகளுக்குள் திணித்துக்கொண்டதில் இந்தப் பழக்கம் பிறந்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், ஜெர்மானியக் கூலிப்படையினர் பரப்பிய இந்த மோஸ்தர், ஹோல்பைன் 1537 வாக்கில் தீட்டிய இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் உருவப்படத்தில் அரச உடையாகவே ஆகிவிட்டது. நூல் பிரியாமலிருக்க, நீங்கள் கிராஸ் வெட்டு என்று சொல்லும் முறையில் துணியைச் சாய்வாகக் கீறினார்கள்.

பிதுங்கும் அந்த வெள்ளைத் துணியில்தான் விஷயம் இருக்கிறது. வெல்வெட்டையும் சரிகைப் பட்டையும் அவர்கள் துவைப்பதில்லை. உடம்போடு ஒட்டிக் கிடந்த லினன் உள்சட்டை மட்டுமே வெளுப்புக்குப் போனது. ஆகவே, கீறல் வழியே தெரியும் வெண்மை, அணிந்தவர் சுத்தமானவர் என்பதற்கும் சாட்சி. பெண்களின் உடையில் கை தனி உருப்படியாகவே தைக்கப்பட்டு, தோளில் நாடாவால் கட்டப்பட்டதால், ஒரே அங்கிக்கு வெவ்வேறு கைகளை மாற்றிக்கொள்ள முடிந்தது. சீதனப் பட்டியலில்கூடக் கைகளைத் தனியே எழுதினார்கள். துணியின் விலைக்கு முன் தையற்கூலி அற்பம் என்பதை நீங்கள் ரசிக்கமாட்டீர்கள். இத்தாலிய நகரங்களில் சட்டம் விலக்கிய ஆடம்பர உடையைத் தைத்துக் கொடுத்தால், உடுத்தியவரோடு தையற்காரரும் அபராதம் கட்ட வேண்டியிருந்தது என்பதை இன்னும் ரசிக்கமாட்டீர்கள்.

கேள்வி: அந்த ஓவியங்களில் பெண்கள் அணிந்திருக்கும் முத்து நம் கடல் முத்தா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: ஓர் ஓவியத்தைச் சுட்டி, இந்த மாலை மன்னார் வளைகுடாவிலிருந்து போனது என்று சொல்வது வீண்பெருமை. ஏனென்றால், பாரசீக வளைகுடா முத்தும், 16-ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்கக் கரையிலிருந்து வந்த முத்தும் அதே சந்தைகளில் கலந்துகிடந்தன. ஆனால் நம் சலாபம் (முத்துக்குளிக்கும் கடற்பகுதி) ஐரோப்பியருக்குத் தெரியாத இடமல்ல. 1563 முதல் 1581 வரை கீழ்த்திசை நாடுகளில் சுற்றிய வெனிஸ் வணிகர் செசாரே ஃபெடரிச்சி, குமரிமுனைக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த முத்துக்குளித்தலை விவரித்து எழுதியிருக்கிறார். இந்தக் கடல்வழிக்காகவும் முத்துக்காகவும் போர்த்துக்கீசியரும் மரைக்காயர்களும் மோதியதில், 1538-இல் உங்களூருக்குப் பக்கத்து வேதாளையிலேயே பெரும் சண்டை நடந்தது. வெனிஸிலோ, மணமான பெண் குறிப்பிட்ட சில ஆண்டுகள் மட்டுமே முத்துமாலை அணியலாம் என்று சட்டம் போட்டார்கள். குடும்பச் செல்வம் கழுத்திலேயே முடங்கிவிடும் என்ற அச்சம் அரசுக்கு. அந்தச் சட்டத்தைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்க வேண்டியிருந்ததிலிருந்தே, அதை எத்தனை பேர் மதித்தார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களில் தொப்பியணிந்த ஐரோப்பியர்களைப் பார்த்தேன். அதுவும் மறுமலர்ச்சிக்கால உடைதானா?
– ஒரு மாணவி, தேவிபட்டினம்

பதில்: இல்லை. அவை முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தோடு, அதாவது 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு சேர்ந்தவை. அதற்குள் கீறல் கைகளும், கஞ்சி போட்டு விறைக்கவைத்த மடிப்புக் கழுத்துப்பட்டையும் ஐரோப்பிய நாகரிகத்திலிருந்து மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆகாவிட்டாலும் இரண்டு தலைமுறை கடந்திருந்தது; ஆண்கள் முழங்கால் வரை நீண்ட கோட்டுக்கு மாறியிருந்தார்கள்.