பையில் மணக்காதது சாம்பல் பட்டதும் ஏன் மணக்கிறது?

கேள்வி: வெங்காயத்துக்கு வாங்கிய அமோனியாப் பசளையை அடுப்புச் சாம்பலோடு சேர்த்து வாளியில் கலந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் எரிந்து மூக்கும் அடைத்துவிட்டது. பையைத் திறந்தபோது இப்படி மணக்கவில்லையே?
(வாசகர், உரும்பிராய்)

பதில்: ஐயா, மூக்கில் ஏறியது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நைதரசன்! அமோனியம் சல்பேற்று பைக்குள் பேசாமல் கிடக்கும். சாம்பலில் இருக்கும் பொற்றாசியம் காபனேற்று காரம், ஈரத்தோடு அது பட்டால் அமோனியம் அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் காரம் விட்டுச் சூடாக்கி, ஈரமான சிவப்புப் பாசிச்சாயத் தாள் நீலமாகிறதா என்று பார்ப்போமே, அதைத்தான் நீங்கள் வாளியில் செய்திருக்கிறீர்கள், என்ன, செலவு கொஞ்சம் கூட. 50 கிலோப் பையில் நைதரசன் பத்தரைக் கிலோ அளவில்தான் இருக்கிறது.

சாம்பலே வேண்டாம், சுண்ணாம்பு கலந்த மண்ணில் பசளையை மேலே தூவி வெயிலில் விட்டாலும் இதே கதை மெதுவாக நடக்கும். மண்ணோடு கிளறிவிட்டு உடனே இறையுங்கள். அதற்காக அள்ளியும் போட வேண்டாம். அமோனியத்தை மண்ணின் களி பிடித்து வைத்திருக்கும், ஆனால் பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றிய பிறகு பிடிக்க ஆளில்லை, இறைப்புத் தண்ணீரோடு இறங்கிச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே நேரே கிணற்றுக்குப் போய்விடும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டியிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடென்றால் கிணற்றுத் தண்ணீரை ஒருதரம் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: ஈயம் பூசுகிறவர் சூடான பித்தளைச் சட்டியில் நவச்சாரம் போட்டதும் வெள்ளைப் புகை எழும்புகிறதே, அது என்ன?
(வாசகி, நல்லூர்)

பதில்: அதுவும் நவச்சாரம்தான்! நவச்சாரம் என்பது அமோனியம் குளோரைட்டு. சூட்டில் அது அமோனியாவாகவும் ஐதரசன் குளோரைட்டாகவும் பிரியும், இரண்டாவது சட்டியில் படிந்த ஒட்சைட்டைத் தின்றுவிடும், அப்புறம் வெள்ளீயம் பளிச்சென்று பிடிக்கும். மேலே போய் ஆறினதும் இரண்டும் திரும்பச் சேர்ந்து நவச்சாரத் துகளாகிவிடும். குனிந்து நின்று அதை மூச்சில் இழுக்காதீர்கள்.

கேள்வி: விசுக்கோத்துக்குப் போடும் அமோனியாவைக் கேக்குக்கும் போடலாமா?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: வேண்டாம். அமோனியம் இருகாபனேற்று சூட்டில் முழுக்க வாயுவாகிவிடும். மெல்லிய விசுக்கோத்தில் அது வெளியே போய்விடும், தடித்த கேக்குக்குள்ளோ அமோனியா சிக்கிக்கொள்ளும், வெட்டும்போது தெரியும்!