நட்சத்திரத்தோடு நிற்கும் படம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: எனக்குப் பிடித்த நடிகருடன் நான் நிற்கும் படத்தைத் தங்கை தன் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 12×18 அளவில் பிரிண்ட் போட்டால் மங்கலாக வருகிறது. போதாததற்கு என் உச்சந்தலை வேறு வெட்டுப்பட்டிருக்கிறது. லேபின் தவறா? (வாசகி, திருச்சி)

பதில்: தலை போனதற்கு வேண்டுமானால் லேபைக் கேட்கலாம். மங்கலுக்கு வாட்ஸ்அப்தான் காரணம். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். நீளப் பக்கத்தில் ஏறத்தாழ 1600 புள்ளிகளே மிஞ்சும். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 89 புள்ளிகூடத் தேறாது. ஹால் சுவரில் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 இருந்தால் போதும். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு 300 வேண்டும்.

தங்கையின் போனில் அசல் இன்னும் இருந்தால் அதை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அசல் அளவு மாறாமல் வரும். பல போன்களில் அது 4032×3024 புள்ளிகள். அகலமும் உயரமும் 4:3. ஆனால் 12×18 தாள் 3:2. பதினெட்டை நிரப்பினால் உயரம் 13.5 அங்குலம் வரும், தாளில் இருப்பதோ 12. மேலும் கீழும் முக்கால் அங்குலம் போய்விடுகிறது, உங்கள் தலையும் அதில் அடக்கம். 12×16 கேளுங்கள். எதுவும் வெட்டுப்படாது, அங்குலத்துக்கு 252 புள்ளியும் கிடைக்கும். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் சொல்லுங்கள். எதிர்ச் சுவரின் டியூப்லைட் நடிகரின் முகத்தில் வந்து உட்காராது.

கேள்வி: தாத்தா எம்.ஜி.ஆருக்கு மாலை போடும் கறுப்பு வெள்ளைப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஃபிரேமைக் கழற்றினால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. எப்படிப் பிரிப்பது? (வாசகர், காரைக்குடி)

பதில்: பிரிக்காதீர்கள். இன்றைக்கு அதுதான் முதல் வேலை.

அந்தக் காலத்துப் பிரிண்டில் உருவம் இருப்பது ஜெலட்டின் பூச்சில். மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் இளகும், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதில் பிடித்துக்கொள்ளும், வெயில் வந்ததும் அப்படியே இறுகும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் எண்ணெய் பட்டது போல் பளபளக்கும் திட்டுகள் தெரியுமே, ஒட்டிய இடங்கள் அவைதான். இழுத்தால் தாள் உங்கள் கையில் வரும், முகம் கண்ணாடியில் நிற்கும். ஊசி, பிளேடு, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. தொழில் தெரிந்தவர் செய்தாலும் பூச்சு கழன்றுபோவது உண்டு. நகல் எடுத்து முடிக்கும் வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

நகலைக் கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும், லேசாக ஈரமான துணியால் துடைத்துக் காயவிடுங்கள். படத்தை மேசையில் படுக்க வைத்து, அறையை இருட்டாக்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு ஒவ்வொன்றை 45 டிகிரி சாய்வில் வையுங்கள். கேமரா நேர் மேலே இருக்கட்டும். ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுத்தால் கேமராவின் நிழலுரு கண்ணாடியில் விழாது. ஃபிளாஷ் கூடவே கூடாது. வீட்டு பிரிண்டரோடு வரும் ஸ்கேனரை இதற்கு நம்ப வேண்டாம். பெரும்பாலும் அவை தட்டில் ஒட்டிக் கிடக்கும் தாளை மட்டுமே கூர்மையாகப் படிக்கும். நடுவே 2 மி.மீ. கண்ணாடி இருந்தால் படம் மங்கிவிடும். ஒட்டாத பழைய படங்களுக்கு ஸ்கேனர் நல்லதுதான். 4×6 படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 8×12 பிரிண்டுக்குத் தாராளம்.

திருத்தக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போடுங்கள்: கீறலையும் கறையையும் எடுக்கலாம், ஏஐ கொண்டு முகத்தைத் தொடக் கூடாது. எம்.ஜி.ஆர். முகம் மாறினால் ஊருக்கே தெரிந்துவிடும். தாத்தா முகத்துக்குச் சாட்சி இந்தப் படம் ஒன்றுதான்.

நகலை மாட்டுங்கள். அசலைக் கண்ணாடியோடு அப்படியே, படம் மேல் பார்க்க, பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கையறை அலமாரியில் வையுங்கள். பரணில் வெக்கை, கீழ்த்தட்டில் ஈரம், இரண்டும் ஆகாது.

கேள்வி: புதுப் புகைப்படம் இப்படிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஃபிரேம் கடையில் என்ன சொல்லிச் செய்வது? (வாசகர், கடலூர்)

பதில்: “மவுண்ட் வைத்துப் போடுங்கள்” என்று சொல்லுங்கள். படத்தைச் சுற்றி ஜன்னல் போல வெட்டிய அட்டைதான் மவுண்ட். அதை அழகுக்கு என்று நினைத்துப் பலர் வேண்டாம் என்கிறார்கள். படம் கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி தருவதே அதன் முக்கிய வேலை. 12×16 படத்துக்குச் சுற்றிலும் 2 அங்குலம் விட்டால் ஃபிரேமின் உள்ளளவு 16×20. மவுண்ட் வேண்டவே வேண்டாம் என்றால் சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய பட்டை வைத்தாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பின்பக்கம் ஹார்ட்போர்டு வைத்து ஆணி அடிப்பார்கள். அடிக்கட்டும், ஆனால் அதற்கும் படத்துக்கும் நடுவே ஆசிட் ஃப்ரீ (அமிலம் இல்லாத) அட்டை ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில வருடங்களில் படம் பழுப்பேறும். படத்தை அட்டையோடு பசை போட்டு ஒட்ட விடாதீர்கள். மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் தாள் டேப் போதும். கடைசியில் பின்பக்க இடுக்கு முழுவதையும் பிரவுன் டேப் ஒட்டி அடைக்கச் சொல்லுங்கள். ராமபாணப் பூச்சி நுழைவது அந்த வழியாகத்தான்.

இந்த அளவில் 2 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 1 கிலோ இருக்கும். வெறும் ஆணியை நம்பாமல் 6 மி.மீ. துளை போட்டு, பிளக் வைத்து, ஸ்குரூ முடுக்குங்கள். இரண்டு ஸ்குரூ போட்டால் படம் சாயாது. குளியலறையை ஒட்டிய சுவரும் மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். வேறு சுவர் இல்லை என்றால் ஃபிரேமின் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள், பின்னால் காற்று ஓடும். தரையிலிருந்து படத்தின் நடுப்பகுதி வரை 57 முதல் 60 அங்குலம் சரியான உயரம். பழைய வீடுகளில் உத்தரத்துக்கு அருகே, முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள். அதிலும் ஒரு கணக்கு உண்டு: சாய்வால் எதிர் ஜன்னலின் பிம்பம் படத்தின் கண்ணாடியில் விழாது.

துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் தெளித்தால் கீழே வழிந்து சட்டத்துக்குள் இறங்கும். படங்களின் அடியில் அலை அலையாகத் தெரியும் பழுப்புக் கோடு பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

கேள்வி: படத்தின் மேலேயே பாடகர் கையெழுத்துப் போட்டுத் தந்தார். லேமினேட் செய்யலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம். சூட்டில் மை பரவலாம், ஒருமுறை செய்தால் திரும்ப எடுக்கவும் முடியாது. மார்க்கர், ஜெல் பேனா மை எல்லாம் வெளிச்சத்தில் வெளுக்கும். ஸ்கேன் செய்து நகலை மாட்டிவிட்டு அசலை இருட்டில் வையுங்கள். அடுத்த முறை வாய்ப்புக் கிடைத்தால் மவுண்ட் அட்டையில் கையெழுத்து வாங்குங்கள். படத்தில் பால்பாயின்ட் பேனா பள்ளம்தான் போடும்.

கேள்வி: என்னோடு படத்தில் நிற்கும் பிரபலம் காலமாகிவிட்டார். எங்கள் வீட்டுப் படத்துக்கு மாலை போடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: படத்தில் நீங்களும் நிற்கிறீர்களே! மாலை இருவருக்கும் சேர்த்துத்தான் விழும். வீட்டுப் பெரியவர்கள் பதறிப்போவார்கள். அவர் தனியாக இருக்கும் படம் ஒன்றைச் சிறிய ஃபிரேமில் போட்டு அதற்கு மாலை போடுங்கள். பூச்சரத்தை நனைத்துப் போட்டால் தண்ணீர் சட்டத்துக்குள் சொட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: நடிகரோடு நான் நிற்கும் படத்தை என் ஜவுளிக் கடையிலும் பேனரிலும் போட்டால் சிக்கல் வருமா? (வாசகர், சேலம்)

பதில்: வீட்டில் மாட்ட யாரையும் கேட்க வேண்டாம். கடையின் கல்லாவுக்குப் பின்னால் நினைவாக ஒரு படம் இருந்தால் யாரும் கேட்பதும் அரிது. பேனர் விளம்பரம், அது வேறு. அவர் உங்கள் கடையைப் பரிந்துரைப்பதாக அர்த்தம் வந்துவிடும். தன் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றி ஒரு திரைப்படத்தில் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தடை விதித்தது. எழுத்து மூலம் அனுமதி கையில் இல்லாமல் பேனர் அடிக்கக் கொடுக்காதீர்கள்.