வாவி ஏன் பச்சையாகிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரின் நிறத்தைப் பற்றியே கேட்டிருந்தன. வாவி பச்சை, குட்டை சிவப்பு, கல் செம்மஞ்சள் என்று. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பவை அல்காக்கள்தான், அதாவது தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். அதனால் இந்தப் பக்கங்களை முழுதாக அவற்றுக்கே கொடுத்துவிட்டோம்.

நுவரெலியா வாசகர் ஒருவர்: கிரகரி வாவித் தண்ணீர் மழைக்காலத்தில் மண்நிறமாகவும் வெயில் நாட்களில் பச்சையாகவும் தெரிகிறது. இவ்வளவு உயரத்தில் இருக்கிற தண்ணீர் தெளிவாகத்தானே இருக்க வேண்டும்?

மலைமேல் இருக்கிற தண்ணீர் சுத்தமானது என்று நாம் எல்லோருமே நினைத்துப் பழகிவிட்டோம். வாவி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், வாவிக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். கிரகரி வாவி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சரி, ஆனால் அது இயற்கையாக உண்டானது கிடையாது. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி, பிதுருதலாகல மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறிக்க அனுமதி கொடுத்த பிறகுதான் சேற்று நிலமாகக் கிடந்த அந்த இடம் வாவியானது. மலையகத்தில் பெரிய நீர்நிலை என்று எதைக் காட்டினாலும் இதே கதைதான். கண்டி வாவி 1807, காசல்ரீ 1965, மவுசாக்கலை 1969, கொத்மலை 1985, எல்லாம் மனிதர் அணை போட்டுக் கட்டியவை, எல்லாவற்றுக்கும் மேலே ஊரோ தோட்டமோ இருக்கிறது.

நிறத்துக்கு வருவோம். கனமழையில் சரிவுகளிலிருந்து மண் இறங்கும்போது தண்ணீர் கலங்கி, வெளிச்சம் உள்ளே போவதில்லை. வெளிச்சம் இல்லாமல் அல்காக்களுக்கு ஒளித்தொகுப்பு இல்லை, போதாததற்கு ஓட்டத்தோடு அடித்துக்கொண்டும் போய்விடுகின்றன. ஆனால் அந்த மண் சும்மா வருவதில்லை. களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு, அல்காக்களுக்குச் சாப்பாடாகும் பொசுபரசு வருகிறது, அப்படியே அடியில் படிந்து கிடக்கிறது. மழை ஓய்ந்து, தை மாசி வாக்கில் காற்றும் அடங்கி வெயில் விழ ஆரம்பித்தால், தெளிந்த தண்ணீரில் வெளிச்சம் ஆழமாக இறங்குகிறது, தண்ணீர் நின்று கிடக்கிறது, சாப்பாடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்புறம் பச்சையாவதற்கு அதிக நாள் எடுக்காது. ஐரோப்பிய மலை ஏரிகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டி மூடிக்கொள்வதால் அல்காக்களுக்கு ஒரு நீண்ட ஓய்வு கிடைக்கும். நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுந்தாலும் வாவி உறைவதில்லை, ஆகவே நம் ஊரில் அல்காக்களின் வருடத்தை மழைதான் பிரிக்கிறது.

பொசுபரசை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. 1973இல் கனடாவின் ஒன்ராறியோவில் 226ஆம் இலக்க ஏரி என்ற சிறிய ஏரியை நடுவே ஒரு திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் காபனும் நைதரசனும் மட்டும் போட்டார்கள், மறுபக்கம் அவற்றோடு பொசுபரசும் சேர்த்தார்கள். பொசுபரசு விழுந்த பாதி பச்சையாகிவிட்டது, மற்றப் பாதி பழையபடியே தெளிவாக இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் மலைத்தண்ணீரில் தயற்றங்கள் நிறைய இருக்கும். இவை சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைக்கல அல்காக்கள், இரண்டு பாதியும் மூடி போட்ட குங்குமச் சிமிழ் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். அந்தச் சிலிக்கா நம் மலைப் பாறைகள் மெல்ல மெல்லக் கரைவதால் வருகிறது, அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. பசளையும் கழிவும் பொசுபரசை மட்டும் அள்ளிக் கொட்டும்போது தயற்றங்கள் பெருகி இருக்கிற சிலிக்காவைத் தீர்த்துவிடுகின்றன, ஓடு கட்ட வழியில்லாமல் குறைந்துபோகின்றன, அந்த இடத்தைச் சிலிக்கா தேவையில்லாத நீலப்பச்சை அல்கா வகைகள் பிடிக்கின்றன. சிறு விலங்குகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் தயற்றம் நல்ல உணவு, நீலப்பச்சை வகைகளில் பல அப்படி இல்லை. ஆகவே தண்ணீர் பச்சையாவதோடு சேர்ந்து அதில் யார் யாரைத் தின்று வாழ்கிறார்கள் என்பதே மாறிவிடுகிறது.

இதற்கு மரக்கறி விவசாயிகளை மட்டும் பிடித்துத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் போடுகிற பசளையும் கோழி எருவும் ஒரு பங்கு, டவுன் வடிகாலும் ஹோட்டல் கழிவும் ஒரு பங்கு, ஓடைக் கரையிலேயே மலசலகூடக் குழி வெட்டும்படி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைக் கட்டிவைத்ததும் ஒரு பங்கு. சரிவுக்குக் குறுக்கே கான், அதாவது வடிகால், வெட்டி இடையிடையே மண் தங்கக் குழி விடுவதும், ஓடையின் இரு கரையிலும் சில அடி அகலத்துக்குக் கொத்தாமல் புல்லை விட்டுவைப்பதும், எருக் குவியலை மழைக்கு முன் மூடி வைப்பதும் புதிய விஞ்ஞானம் இல்லை. கான் வெட்டு வேலை நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலை. வாவிக்குள் என்ன செய்தாலும், மேலே இருந்து வருவதை நிறுத்தாத வரைக்கும் பச்சை திரும்பத் திரும்ப வரும்.

மஸ்கெலியா வாசகி ஒருவர்: நீர்த்தேக்கம் வற்றும் காலத்தில் கரையோரம் பச்சைப் பெயின்ற் ஊற்றினது போல ஒதுங்குகிறது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?

அக்கா, தயவுசெய்து வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அது என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு நீளக் குச்சியை விட்டுத் தூக்குங்கள். பச்சை முடி போல நூல் நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி, பெரும்பாலும் பயமில்லை. குச்சியில் பெயின்ற் பூசியது போல ஒட்டிக்கொண்டால் சயனோபற்றீரியா, அதாவது நீலப்பச்சை அல்கா என்று நாம் சொல்லும் வகையாக இருக்கலாம். கையுறை போட்டு ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி அந்தத் தண்ணீரை எடுத்து, இரவு முழுதும் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். காலையில் பச்சை மேலே வந்து வளையமாக நின்றால் சந்தேகம் இன்னும் பலமாகிறது, ஏனென்றால் மைக்குரோசிஸ்டிஸ் போன்ற வகைகளின் கலத்துக்குள் நுண்ணிய வாயுப் பைகள் இருக்கின்றன, அவற்றை வைத்துத்தான் மிதக்கின்றன. காற்று அடங்கிய இரவில் மேலே வந்து, விடியற்காலைக் காற்றில் ஒரு கரைக்கு ஒதுங்குகின்றன. இந்த இரண்டு சோதனையும் ஓர் அறிகுறிதான். நஞ்சு இருக்கிறதா இல்லையா என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும், எனவே பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் இந்த வகைகள் உண்டாக்கும் மைக்குரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சு கொதிநிலையிலும் அழிவதில்லை, கலங்கள் உடைவதால் உள்ளே இருந்த நஞ்சும் தண்ணீரில் கலந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் வாழ்நாள் முழுதும் குடிக்கும் தண்ணீருக்குச் சொல்லும் அளவு லீற்றருக்கு வெறும் 1 மைக்கிரோகிராம். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்த நஞ்சு கலந்த தண்ணீரை இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியதில் 50 சிறுநீரக நோயாளிகள் வரை இறந்துபோனார்கள். அது நேரடியாக இரத்தத்தில் போனதால் நேர்ந்தது, குடிப்பது அதே அளவு கொடியது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் மலைநாட்டுக்கும் இந்த மைக்குரோசிஸ்டிஸ் புதியதில்லை. 1990களின் தொடக்கத்தில் கொத்மலையிலும், 1999இல் கண்டி வாவியிலும் அது பெருகிப் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தப் படலம் இருக்கும் நாட்களில் பிள்ளைகளை அங்கே குளிக்க விடாதீர்கள், மாட்டையும் நாயையும் அந்தக் கரையில் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும், தூரமாக இருந்தாலும், மலை ஊற்றிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரை எடுத்துக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பீலிக்கு மேலே யாருடைய குழியும் இல்லை என்பதையும் ஒரு முறை ஏறிப் பார்த்துவிடுங்கள்.

பண்டாரவளை வாசகர்: மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) போட்டால் பாசி செத்துவிடும் என்கிறார்களே, எங்கள் தோட்டத்துக் குளத்தில் போடலாமா?

சாகும், அதுதான் பிரச்சினை. ஒரே நேரத்தில் செத்து வெடித்தால் உள்ளிருக்கும் நஞ்சு முழுவதும் தண்ணீருக்கு வந்துவிடும். 1979இல் அவுஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் நீர்த்தேக்கத்துக்கு மயில்துத்தம் போட்ட சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், ஈரல் அழற்சி போன்ற நோயோடு வைத்தியசாலைக்குப் போனார்கள். செம்பு அடியிலுள்ள சேற்றில் தங்கிவிடும், பொசுபரசும் எங்கும் போகாது. குடிக்கும் தண்ணீர் என்றால் கையை வைக்காதீர்கள்.

எல்ல பக்கத்து வாசகர்: எங்கள் குட்டை காலையில் பச்சையாகவும் மத்தியானம் இரத்தச் சிவப்பாகவும் இருக்கிறது. சிலர் தெய்வக் குற்றம் என்கிறார்கள்.

யாருடைய குற்றமும் இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் யூக்லினா சங்குயினியா என்ற அல்காவோடு நன்றாகப் பொருந்துகின்றன. இதன் கலத்துக்குள் பச்சைக் குளோரபிலும் இருக்கிறது, சிவப்புக் கரோட்டினொயிட்டு மணிகளும் இருக்கின்றன. வெளிச்சம் குறைவாக இருக்கும்போது சிவப்பு மணிகள் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும், பச்சை தெரியும். உச்சி வெயில் ஏறும்போது அதே மணிகள் கலத்தின் விளிம்பு நோக்கிப் பரவி உள்ளே இருக்கும் குளோரபிலை மறைத்து நிற்கும். மலைநாட்டின் உயரத்தில் ஊதாக் கடந்த கதிர் கூடுதலாக இருப்பதால் இந்தக் கவசம் அதற்கு நன்றாகவே உதவுகிறது. ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்து, விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தால் மணிகள் நகர்வதைக் காணலாம்.

இது பெருகுவது மாட்டுச் சாணமும் கழிவும் சேரும் ஆழமில்லாத குட்டைகளில்தான். மீனைக் கொல்லும் நஞ்சை இது உண்டாக்கக்கூடும் என்பதால் அங்கே மீன் வளர்க்க வேண்டாம். மாட்டுப்பட்டி கழுவும் தண்ணீர் குட்டைக்கு வராமல் திருப்பிவிடுங்கள்.

கண்டி வாசகி: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஏன்?

அல்காக்கள் பகலில் ஒட்சிசன் கொடுக்கின்றன, இரவில் அவையும் சுவாசிக்கின்றன. அளவுக்கு மீறிப் பெருகினால் விடியும் நேரத்தில் தண்ணீரில் ஒட்சிசன் அடிமட்டத்துக்குப் போய்விடும். முதல்நாள் மூட்டமாக இருந்தால் இன்னும் மோசம். வெயில் ஏறியதும் மீன்கள் கீழே போய்விட்டால் இதுதான் காரணம். செத்து மிதக்கும் மீனை மட்டும் யாரும் எடுத்துச் சமைக்க வேண்டாம்.

ஹப்புத்தளை உயர்தர மாணவி: உயிரியல் செயற்றிட்டத்துக்கு ஹோர்ட்டன் சமவெளி அல்காக்களை எடுக்கலாமா? எங்கள் பாடசாலையில் ஒரே ஒரு சாதாரண நுணுக்குக்காட்டிதான் இருக்கிறது.

தங்கச்சி, அது தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு போத்தல் தண்ணீர்கூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அதே வகை உயிர்களை உங்கள் பக்கத்து ஊற்றுச் சதுப்பிலேயே பார்க்கலாம். பசளை கலக்காத, சற்றே அமிலத்தன்மையுள்ள மென்மையான தண்ணீர் கசியும் பாசிப் பற்றையை மெதுவாகப் பிழிந்து, அந்தத் தண்ணீரைச் சிறிது நேரம் அடங்கவிட்டு, அடியிலிருந்து ஒரு துளி எடுங்கள். 400 மடங்கு பெருக்கம் தாராளமாகப் போதும்.

அதில் டெஸ்மிட் என்ற நுண்ணிய பச்சை அல்கா வகைகள் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிறை வடிவில் ஒன்று இருக்கும், குளோஸ்டீரியம். அதன் இரண்டு முனையிலும் ஒரு சின்னப் புன்வெற்றிடம், அதற்குள் சல்பேற்றுப் பளிங்குத் துணுக்குகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் மோதுவதால் துணுக்குகள் ஆடுகின்றன என்று பாடப்புத்தகத்தில் படித்த பிரவுனியன் அசைவு அதுதான், ஓர் உயிருள்ள கலத்துக்குள் நடக்கிறது. எனக்கு இதைவிட அழகான காட்சி நுணுக்குக்காட்டியில் கிடைத்ததில்லை. இலங்கையின் நன்னீர் அல்காக்களைப் பற்றி இங்கிலாந்தைச் சேர்ந்த வெஸ்ட் என்ற தந்தையும் மகனும் 1902இலேயே பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள், தயற்றங்களைப் பற்றி டென்மார்க்கின் ஃபோகெட் 1976இல் எழுதினார். தோட்டத்துப் பிள்ளைகள் தம் ஊர் ஓடையை வருடம் முழுதும் பார்த்து எழுதினால், வந்து போகிறவர்களால் எடுக்க முடியாத தகவல் அதில் இருக்கும்.

செயற்றிட்டத்துக்கு என் யோசனை இதுதான்: ஒரே ஓடையில் மரக்கறித் தோட்டத்துக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். இரண்டிலும் ஒரே அளவு கல்லை எடுத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, தேய்த்த தண்ணீரில் எத்தனை விதத் தயற்றம் தெரிகிறது என்று மாதம் ஒரு முறை வரைந்து வையுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் வடிவத்துக்கு இலக்கம் கொடுத்தால் போதும். பக்கத்தில் குளம் இருந்தால், 20 சென்ரிமீற்றர் அகலத் தட்டைக் கறுப்பு வெள்ளையாக நான்கு பங்கு பூசி, கயிறு கட்டி இறக்கி, மறையும் ஆழத்தைக் குறியுங்கள். தட்டை இறக்கித் தெளிவை அளக்கும் இந்த முறை 1865இல் இத்தாலியப் பாதிரியார் அஞ்சலோ செக்கி செய்தது, அவர் தட்டு வெள்ளை. பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் தண்ணீர்க் கரைக்குப் போக வேண்டாம்.

தலவாக்கலை வாசகர்: மரத்திலும் கல்லிலும் செம்மஞ்சளாகப் படர்வதும், தேயிலை இலையில் வரும் செந்துரு நோயும் ஒன்றா?

இரண்டுமே பச்சை அல்காக்கள், நெருங்கிய உறவினரும்கூட. கல்லில் வருவது பெரும்பாலும் திரென்ரிபோலியா, ஈரக் காற்றே அதற்குப் போதும், யாருக்கும் கெடுதல் இல்லை, தேய்த்துக் கழுவ வேண்டிய அவசியமும் இல்லை. தேயிலையில் வருவது செபாலியூரொஸ், அது செடிக்குள் புகுந்து வளரும். வலுவான செடியை அவ்வளவாகத் தொடாது, நலிந்த செடியைத்தான் பிடிக்கும். மருந்து வாங்குவதற்கு முன் அந்த மலையில் கான் அடைத்துத் தண்ணீர் தேங்குகிறதா, நிழல் மரம் போய்விட்டதா, பொற்றாசியம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.