லேன் போர்ட் பழுதானால் மதர்போர்டையே மாற்ற வேண்டுமா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. ஐப்பசி மழையில் ஓர் இரவு பலத்த இடி இடித்திருக்கிறது. மறுநாள் காலையிலிருந்து அவருடைய மேசைக் கணினியில் இணையம் வரவில்லை. முகப்பில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியின் வைஃபையில் கைப்பேசி நன்றாகவே இயங்குகிறது. சுவர்களைத் தாண்டி வைஃபை எட்டாததால், இரண்டாங்கட்டில் உள்ள கணினிக்கு வளவின் (நடு முற்றத்தின்) மேலாக லேன் கேபிள் இழுத்திருக்கிறார்கள். வந்து பார்த்த கடைக்காரர், நெட்வொர்க் அடாப்டர் (கேபிளைச் செருகும் லேன் போர்ட்டும் அதை இயக்கும் சில்லும்) கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டோடு சேர்ந்தது என்றும், போர்டை மாற்ற ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு பேச வேண்டும், சம்மதிக்கலாமா என்கிறார்.

சம்மதிக்க வேண்டாம். லேன் போர்ட்டை இயக்கும் சில்லு மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அது ஒன்று செயலிழந்ததற்காக, மற்ற அனைத்தும் ஒழுங்காக இயங்கும் போர்டைக் கழற்றி எறிவது, கதவின் தாழ்ப்பாள் உடைந்ததற்காக நிலையைப் பெயர்ப்பதற்குச் சமம். யுஎஸ்பி துளையில் செருகும் லேன் அடாப்டர் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. பழைய போர்ட்டை அப்படியே விட்டுவிட்டு, அதே கேபிளை இதில் செருகிக்கொள்ளலாம்.

அதை வாங்குவதற்கு முன், கணினிக்குள் இருக்கும் அடாப்டர்தான் பழுதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கணினியை அணைத்து, மின்கம்பியையும் லேன் கேபிளையும் பிடுங்கி, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்த பிறகு மீண்டும் இணையுங்கள். மின்னழுத்தத்தில் திகைத்து நின்றுவிட்ட சில்லுகள் சில நேரம் இதிலேயே எழுந்துகொள்கின்றன. எழவில்லை என்றால், யாரையேனும் துணைக்கு அழைத்து சிபியுவை முகப்புக்கே தூக்கிச் சென்று, நல்ல குட்டைக் கேபிள் ஒன்றினால் பெட்டியோடு நேரடியாக இணைத்துப் பாருங்கள். அங்கே இணையம் வந்தால் பழுது வளவின் கேபிளில் இருக்கிறது, கணினியில் இல்லை. அங்கும் போர்ட்டின் பக்கத்தில் விளக்கு எரியாமல், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் அதன் பெயரே காணாமல் போயிருந்தால், சில்லு போய்விட்டது என்று கொள்ளலாம். பெயர் இருந்து மஞ்சள் முக்கோணம் மட்டும் தெரிந்தால், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். இணைப்பின் ஐபி முகவரி (கணினியை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்கினால் அடாப்டர் உயிரோடுதான் இருக்கிறது. பெட்டியிடமிருந்து அதற்கு முகவரி வந்து சேரவில்லை என்றுதான் பொருள்.

கடைக்காரர்கள் ஏன் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழற்றிய போர்டு அவர்களிடமே தங்கிவிடும். லேன் ஒன்றைத் தவிர எல்லாம் இயங்கும் அந்தப் போர்டு பிறகு வேறு ஒருவரின் கணினிக்குள் போகும். உங்களுக்கோ, போர்டு மாறியதும் விண்டோஸ் உரிமம் செல்லாது என்று ஒரு தொல்லை வரலாம்; விண்டோஸின் பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால், கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு, பேரனின் படங்கள் உட்பட எல்லாவற்றுக்கும் கதவடைத்து நிற்கும். ஆகவே எந்த உதிரிப்பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைத்து, எதிரே பேசுபவர் சொல்லும் செயலியை நிறுவி, உங்கள் திரையை அவரிடம் ஒப்படைக்கவும் வேண்டாம். அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

உங்கள் இணைப்பு நிறுவனத்திடம் புகார் கொடுப்பதிலும் பெரிய பயனிருக்காது. பெட்டி வரை வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, வருகிறது என்றால் 'சிஸ்டத்தில்தான் கோளாறு' என்று புகாரை முடித்துவிடுவார்கள். கணினிக் கடையோ 'லைனில்தான் கோளாறு' என்று திருப்பி அனுப்பும். இரண்டு தரப்புக்கும் நடுவிலுள்ள எண்பது அடிக் கேபிளுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை; இருபது ஆண்டுகளாக இதே கதைதான்.

அந்தக் கேபிளைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபைபரில் மின்சாரம் பாயாது, ஆகவே இடியால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். தெருவிலிருந்து பெட்டி வரை வரும் கண்ணாடி இழைக்குத்தான் அது பொருந்தும். பெட்டிக்குப் பிறகு வருவது செம்புக் கம்பி. பெட்டியோ சுவர் பிளக்கில் செருகியிருக்கிறது. திறந்த வளவின் மேல் நீண்டு கிடக்கும் செம்புக் கம்பி, அருகில் மின்னல் விழும்போது ஒரு கணம் மின்னழுத்தத்தை வாங்கிக்கொண்டு, நேரே உங்கள் லேன் சில்லில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஸ்பைக் பஸ்டர் மின்கம்பியை மட்டும் காக்குமே ஒழிய, இந்த வழியைக் காக்காது. மேகம் கறுத்தால் பிளக்கோடு சேர்த்து லேன் கேபிளையும் இருபுறமும் கழற்றிவிடுவது ஒன்றே செலவில்லாத வழி. செலவு செய்ய முடியுமானால், அந்தத் தூரத்துக்கும் உலோகக் கம்பி சேராத ஃபைபரையே இழுத்து, இரு முனையிலும் ஒளியையும் மின்குறிகையையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் வைக்கச் சொல்லுங்கள். மறுபடி லேன் கேபிளே போடுவதென்றால், வெயில் தாங்கும் வெளியுறை கொண்டதாகக் கேளுங்கள். செம்பு என்று சொல்லி, மேலே செம்பு பூசிய அலுமினியத்தைத் தலையில் கட்டுவார்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அடாப்டர் வந்து சேராவிட்டால், கைப்பேசியை அதன் வயரால் கணினியில் செருகி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். இரண்டாங்கட்டில் வைஃபை எட்டாது என்பதால் மொபைல் டேட்டா செலவாகும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் இது நடக்காது, கைப்பேசியோடு வந்த வயரையே பயன்படுத்துங்கள்.