மானியத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: திருச்சியில் 32 லட்சத்துக்குப் புது ஃபிளாட் பார்த்திருக்கிறோம். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 58,000 ரூபாய். கையில் ஆறரை லட்சம் இருக்கிறது. முதல் வீடு என்பதால் 2.67 லட்சம் மானியம் வரும், சமாளித்துவிடலாம் என்கிறார் புரோக்கர். ஊரில் மாமனார் பெயரில் வீடு இருப்பது தடையாகுமா?

பதில்: சகோதரி, அந்த 2.67 லட்சம் பழைய கணக்கு. பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டத்தின் முதல் கட்டத்தில் இருந்த உச்சவரம்பு அது. 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இப்போது இருப்பது 2024 செப்டம்பர் 1-ல் தொடங்கிய இரண்டாம் கட்டம்.

இதில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சம் வரை இருக்கலாம், உங்களுடையது 6.96 லட்சம். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும், கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கடனில் முதல் 8 லட்சத்துக்கு, 12 ஆண்டுகள் வரை, 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம். அதுவும் கைக்கு வராது; ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில்தான் வரவாகும். முன்பணக் கணக்கில் இதை ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள்.

பலர் சறுக்குவது கடன் தொகையில்தான். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். உங்களுக்கு 28 லட்சம் தர முன்வந்தாலும் வரும். வாங்கினால் மானியம் மொத்தமும் போய்விடும். காப்பீட்டு பிரீமியத்தைக் கடனோடு சேர்ப்பதாகச் சொன்னால், அதையும் கூட்டிப் பாருங்கள்.

25 லட்சத்தோடு நிறுத்தினால் மீதி 7 லட்சம் உங்கள் கைப்பணம். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4, பதிவுக்கட்டணம் 2 சதவீதம், சுமார் 1.92 லட்சம். மொத்தம் 8.92 லட்சம். ஏறத்தாழ இரண்டரை லட்சம் துண்டு விழுகிறது. பி.எஃப். இருந்தால் அதிலிருந்து எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். நகைக்கடன் வேண்டாம், மாதத் தவணையோடு அந்த வட்டியும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். 29 லட்சத்துக்குள் வீடு கிடைத்தால் கைப்பணம் 4 லட்சம், பதிவுச்செலவு 1.74 லட்சம், உங்கள் ஆறரை லட்சத்துக்குள் அடங்கிவிடும். நான் அதைத்தான் தேடச் சொல்வேன்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்த இடம் இத்திட்டத்தின் நகர எல்லைக்குள் வருகிறதா என்று வங்கியில் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். பத்திரம் உங்கள் பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்கட்டும்; கணவர் பெயரில் மட்டும் வேண்டாம். குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரும் தேவை. திட்டத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், புரோக்கருக்குப் பணம் தர அவசியமில்லை.

மாமனார் வீடு தடையில்லை. இத்திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் மட்டுமே. உங்களில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு, அதாவது உறுதியாகக் கட்டிய நிரந்தர வீடு, இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே அந்த வீட்டை இப்போதே உங்கள் கணவர் பெயருக்கு எழுதிவைக்க மாமனார் விரும்பினால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு தவணை மானியம் வரும்போதும் அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். சீட்டுப் பணம், போனஸ் என்று கிடைப்பதையெல்லாம் போட்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் அசலைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள்.